கோடு போடுவதற்கு முன்

எங்களை அழைக்கும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். சாலை போட்டாகிவிட்டது, நடைபாதைக்கு டைல்ஸ் பதித்தாகிவிட்டது, பெஞ்சுகளைக் கான்கிரீட்டில் ஊன்றியாகிவிட்டது. மிச்சம் ஒரு சுவர் நிற்கும். "சார், திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. இந்தச் செவுத்துல ஏதாவது கலர்ஃபுல்லா பண்ணிக் குடுத்துடுங்க" என்று போன் வரும். அங்கே குடியிருப்பவர்களுக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் அழைப்பு போகும், விழாவன்று நாற்காலியில் வந்து உட்காருவதற்காக.

பொது இடங்களில் படம் வரைவதும், அந்த இடங்களைத் திட்டமிடுகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்வதும் என் பிழைப்பு. ஓவியரும் அங்கே வாழ்கிறவர்களும் முதல் கோடு விழுவதற்கு முன்பே அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரே விஷயம். பிறகு வந்தால் அலங்காரம் மட்டுமே செய்ய முடியும். அலங்காரத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அதில்தான் வயிறு வளர்த்தேன். ஆனால் குழாய் எங்கே வரும், விளக்கு எந்தப் பக்கம் திரும்பும், எந்த மரம் தப்பிக்கும் என்பதையெல்லாம் அலங்காரத்தால் மாற்ற முடியாது.

நான் தொழில் பழகியது ஒரு பேனர் பட்டறையில். சினிமா கட்-அவுட், கடைப் பலகை, தேர்தல் வந்தால் சுவர் எழுத்து. சிறிய ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியிலோ பிளைவுட்டிலோ பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றுவோம். பக்கத்தில் நின்று பார்த்தால் நீலமும் ரோஸும் அப்பிய வெறும் திட்டுகள். எதிர் பிளாட்பாரத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் நடிகர் சிரிப்பார். எங்கள் ஆசான் எந்த அளவையும் பட்டறைக்குள் உட்கார்ந்து சொன்னதில்லை. பஸ்ஸில் போகிறவருக்குப் பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும், சாயங்கால வெயில் எந்த முகத்தில் விழும், எந்த மரக்கிளை எந்த எழுத்தை மறைக்கும் என்று இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பின்னாளில் ஆர்க்கிடெக்டுகளோடு சமமாக உட்கார்ந்து பேச எனக்குத் துணிவு தந்தது அவரிடம் கற்ற இந்தப் பழக்கம்தான்.

2000-களில் பிளெக்ஸ் வந்தது. நாங்கள் வாரக்கணக்கில் வரைந்தது ஒரே ராத்திரியில் அச்சாகி வந்தது. பட்டறைகள் மூடின. சிலர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்கள், சிலர் ஆட்டோ எடுத்தார்கள். 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் சுவரொட்டிகளைத் தடுத்து, பொதுச் சுவர்களில் நம் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் சொன்னபோது எங்கள் ஆட்கள் பலர் மறுபடியும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்கள். கைத்தொழில் செத்துவிடவில்லை என்று தோன்றிய காலம் அது.

சாரத்தின் மேல் நிற்பவனிடம் ஊர் பேசும். அதை அப்போதுதான் உணர்ந்தேன். மேலே ஒருவன் வரைந்துகொண்டிருந்தால் கீழே ஒருவர் நிற்பார், பிறகு இன்னொருவர் வருவார், யாராவது ஒருவர் டீ வாங்கித் தருவார். ஒரு சுவரடியில் இளநீர் வண்டி வைத்திருந்த அம்மா, நான் சுவரைச் சுரண்டிக்கொண்டு வரும்போது கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த ஆணிய மட்டும் புடுங்கிடாதப்பா. கொடக் கயிறு அதுலதான் கட்டுறேன்." எனக்கு அந்தச் சுவர் இத்தனை சதுர அடிப் பரப்பு. அவருக்கு அது நண்பகல் நிழல். ஆணியைச் சுற்றி ஒரு தாமரை மொட்டு வரைந்துவிட்டுப் போனேன். அதன்பிறகு எந்தச் சுவரைப் பார்த்தாலும் முதலில் ஆணிகளைத்தான் தேடுகிறேன். சுவரில் இருக்கும் ஒவ்வொரு ஆணியும், தேய்ந்த தடமும், எண்ணெய்ப் பிசுக்கும் யாரோ ஒருவர் அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கான சாட்சி.

இதைக் கவனித்த ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்னை ஒரு வாரியக் குடியிருப்புக்கு அழைத்துப் போனார். அங்கே இன்னும் எதுவும் கட்டவில்லை. இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே ஒரு திடல் கிடந்தது, அதைப் பூங்காவாக்க நிதி வந்திருந்தது. அலுவலகத்தில் தயாராக இருந்த வரைபடத்தில் நடுவில் புல்தரை, அதைச் சுற்றி முட்டை வடிவத்தில் நடைப்பயிற்சிப் பாதை, எட்டு பெஞ்சுகள், சுற்றிலும் கம்பி வேலி, ஒரு கேட். எங்கும் பொருந்தும் வரைபடம். அதனாலேயே எங்கும் முழுதாகப் பொருந்தாதது.

அந்த ஆர்க்கிடெக்ட் மக்களைக் கூட்டி "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருந்தார். பூங்கா, ஜிம், சிசிடிவி என்று பதில் வந்திருந்தது. எந்த ஊரில் கேட்டாலும் இதே மூன்றுதான் வரும். என்ன வேண்டும் என்று கேட்டால் மனிதர்கள் எங்கோ பார்த்த ஒன்றைச் சொல்வார்கள். எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டால் தங்கள் நாளைச் சொல்வார்கள். நான் பட்டறையில் மிஞ்சிய பேனர் துணியைத் தைத்து, அதன்மேல் அந்தத் திடலையும் பிளாக்குகளையும் பெரிதாக வரைந்து தரையில் விரித்தேன். கல் வைக்கும் அளவுக்குப் பெரிது, மேலே நடக்கவும் செய்யலாம். புளியங்கொட்டை பெண்களுக்கு, சோடா மூடி ஆண்களுக்கு, சோழி பிள்ளைகளுக்கு. காலை ஐந்து மணிக்கு எங்கே இருப்பீர்கள், வையுங்கள். மதியம் இரண்டு மணிக்கு? ராத்திரி ஒன்பதுக்கு?

காலை ஐந்து மணிக்குப் புளியங்கொட்டைகள் எல்லாம் திடலின் ஒரு மூலையில், தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடத்தில் குவிந்தன. அங்கிருந்து படிக்கட்டுகளுக்குப் போகும் பாதை, வரைபடத்தின் புல்தரைக்குக் குறுக்கே நேராகப் போனது. வேலி போட்டிருந்தால் இரண்டு கையிலும் குடத்தோடு பெண்கள் சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். மதியம் வேப்பமரத்தடியில் பூக்கட்டும் கிழவிகள். சாயங்காலம் சோழிகள் நாலாபக்கமும் சிதறின. ராத்திரி ஒன்பதுக்குத் திடலின் தெற்குப் பாதி முழுக்கச் சோடா மூடிகள், ஒரு புளியங்கொட்டைகூட இல்லை. கூட்டத்தில் வாயே திறக்காத பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னிடம் கருப்புச் சாயம் கேட்டு வாங்கி, டியூஷன் முடிந்து திரும்பும் வழியில் மூன்று இடங்களில் வட்டம் போட்டாள். மின்கம்பம் இருந்தும் விளக்கு எரியாத இடங்கள் அவை. அந்த மூன்று வட்டங்கள்தான் பிறகு விளக்குகளின் இடத்தை முடிவு செய்தன.

நடுத்திடலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தார்கள். வயதான ஒருவர் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார், பந்தல் வேலை செய்கிறவர். வரைபடத்தில் பெஞ்சு போட்டிருந்த இடத்தைக் காலால் காட்டிக் கேட்டார்.

"இங்க பெஞ்சு போட்டுட்டா, சாவு விழுந்தா பந்தல எங்க போடுறது தம்பி?"

அதன்பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். படிக்கட்டு குறுகல், மூன்றாவது மாடி வீட்டுக்குள் ஐஸ் பெட்டி நுழையாது. இறந்தவரைக் கீழே திடலில்தான் வைக்கிறார்கள். அங்கேதான் சாமியானா, அங்கேதான் நாற்காலி, ராத்திரி முழுக்கப் பறையும் கானாவும். மஞ்சள் நீராட்டும் காதணி விழாவும் ஆடிக் கூழும் அங்கேதான். வீடு சிறியதாக இருக்கும் இடத்தில் பொது இடம் என்பது வீட்டின் மிச்சம். அந்த ஒரு கேள்வி வந்திருக்காவிட்டால், அழகான புல்தரை ஒன்றைப் போட்டு, முதல் சாவுக்கே அதன்மேல் கடப்பாரை இறங்குவதைப் பார்த்திருப்போம். மக்கள் பூங்காவைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாராவது அறிக்கையும் எழுதியிருப்பார்கள்.

வரைபடம் திரும்ப வரையப்பட்டது. நடுத்திடல் கெட்டித் தரையாக, வெறுமையாகவே விடப்பட்டது. பந்தல்கால் ஊன்ற ஒவ்வொரு முறையும் தரையை உடைக்காமல் இருக்க, மூடி போட்ட ஜி.ஐ. குழாய்களைத் தரைக்குள்ளேயே பதிப்பது என்று அந்தப் பந்தல்காரரே யோசனை சொன்னார். எந்த இடைவெளியில் என்பதையும் அவர்தான் அடி வைத்து அளந்து காட்டினார். நான் அந்தக் குழாய்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தபோது, எட்டிப் பார்த்த ஒரு பெண் சொன்னார்: "இது புள்ளி வெச்ச மாதிரியே இருக்கே." அன்று சாயங்காலமே அந்தப் பிளாக்கில் நன்றாகக் கோலம் போடுகிற நான்கைந்து பேர் சுண்ணாம்புப் பொடியோடு இறங்கிவிட்டார்கள். குழாய் மூடிகள் பெரும்புள்ளி, இடையில் சிறுபுள்ளிகள், எல்லாவற்றையும் சுற்றி வளைந்து ஓடும் ஒரே சிக்குக் கோலம். எந்தப் புள்ளி வரிசையில் எந்த வளைவு முட்டும், எங்கே கோடு திரும்பி வந்து மூடும் என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கணக்கு எனக்கு வராது. அவர்களை ஓவியர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தேன். 'பங்கேற்பாளர்கள்' என்று போடலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓரங்களில் பெஞ்சுக்குப் பதில் திண்ணை வந்தது. நியூயார்க்கின் சிறு சதுக்கங்களை வருடக்கணக்கில் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980-ல் எழுதிய புத்தகத்தில், ஓர் அடியிலிருந்து மூன்றடி வரை எந்த உயரத்தில் விளிம்பு இருந்தாலும் மனிதர்கள் அதில் உட்கார்ந்துவிடுவார்கள் என்கிறார். எங்களுக்கு அது உதவியது. லாரி நிற்கும் மூலையில் திண்ணையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினோம், குடத்தை அதில் வைத்து நிரப்பினால் குனிந்து தூக்க வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் தாழ்த்தினோம், பூக்கட்டுகிறவர்கள் காலை மடக்கி உட்காருவார்கள்.

பிளாக்கின் பக்கச் சுவரில் பெரிய படம் ஒன்று என் பொறுப்பு. மாதிரியைக் காட்டியபோது ஒரு பாட்டி நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தச் செவுத்துலதான தம்பி துணி காயப்போடுவோம்?" அதனால் படத்தை ஏழடிக்கு மேலே தொடங்கினேன். கீழே கொடிக்கயிறு கட்ட வரிசையாகக் கொக்கிகள். படத்தில் இருந்த பெண்ணின் புடவைத் தலைப்பு கொடிவரைக்கும் இறங்கி வந்தது, அதன்கீழே நிஜப் புடவைகள் தொங்கின.

இதையெல்லாம் சொல்லும்போது சமூகம் என்பது ஒரே குரலில் பேசும் ஒன்று என்று தோன்றிவிடக் கூடாது. அப்படி ஒரு சமூகத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒதுக்கீடு பெற்றவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் வாடகைக்கு இருப்பவர்கள் இருப்பார்கள். வாடகைக்காரருக்குக் கூட்டத்தில் வாய் இருக்காது. திருநங்கையர் இருக்கும் பிளாக்கை மற்றவர்கள் வரைபடத்திலேயே விட்டுவிட்டுப் பேசுவார்கள். சங்கத் தலைவர் எல்லோருக்குமாகத் தானே பேசிவிடுவார். கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தால் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் ஒருவரும் வரமுடியாது, அவர்கள் திரும்ப மதியம் இரண்டு மணியாகும். யார் வரவில்லை என்பதைக் கவனிப்பதுதான் இந்த வேலையில் கடினம். துணியும் புளியங்கொட்டையும் அங்கேதான் கைகொடுக்கின்றன. பேசத் தயங்குகிறவர்கூடக் கொட்டையை வைத்துவிட்டுப் போவார்.

சண்டையும் வரும். அந்தக் குடியிருப்பின் படிப்பகச் சுவரில் அம்பேத்கர் படம் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். "சாதித் தலைவர் படமெல்லாம் வேணாம், பிரச்சினை வரும்" என்று ஓர் அதிகாரி தடுத்தார். கட்சித் தலைவர், சாதித் தலைவர் படங்கள் வேண்டாம் என்ற விதியை நானே பல இடங்களில் வைத்திருக்கிறேன். ஆனால் அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரை, ஒரு படிப்பகத்தின் சுவரில், அந்தப் பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதிகாரியிடம் அப்படியே சொன்னேன். அனுமதி எழுத்தில் வரவே இல்லை. பையன்கள் என்னிடம் கட்டம் போடும் முறையைக் கற்றுக்கொண்டு, படிப்பகத்தின் உள்சுவரில் தாங்களே வரைந்துவிட்டார்கள். மூக்குக்கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தக் குடியிருப்பில் யாரும் கைவைக்காத படம் அதுதான்.

கண்ணகி நகரைப் பற்றி என்னிடம் பலர் கேட்பதுண்டு. அங்கே நான் வேலை செய்ததில்லை, பார்க்கப் போயிருக்கிறேன். 2000-ம் ஆண்டில் தொடங்கி, சென்னையின் ஆற்றங்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்தவர்களை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பழைய பிளாக்குகளில் ஒரு வீடு 200 சதுர அடிகூட வராது. முகவரியில் அந்தப் பெயரை எழுதினால் வேலை கிடைப்பதில்லை என்பது அங்குள்ள இளைஞர்களின் பழைய வேதனை. 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை மாநகராட்சியோடும் அன்றைய குடிசை மாற்று வாரியத்தோடும் ஏசியன் பெயின்ட்ஸோடும் சேர்ந்து அங்கே மாடி உயரச் சுவர்களில் ஓவியங்களைக் கொண்டுவந்தது. சென்னையின் ஏ-கில் வரைந்த முகங்களும் அவற்றில் உண்டு. ஒருநாளும் அந்தப் பக்கம் வராதவர்கள் கேமராவோடு வந்தார்கள். ஊரின் பெயரோடு சேர்த்துச் சொல்ல இன்னொரு விஷயம் கிடைத்தது. அது சின்ன விஷயமல்ல, ஒதுக்கப்பட்ட பெயரைச் சுமக்கிறவருக்குத்தான் அதன் எடை தெரியும். அதே நேரம், நகரத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் ஏன் குடியமர்த்தப்பட்டோம், வேலைக்குப் போக பஸ் எங்கே என்ற கேள்விகளுக்கு ஓவியம் பதிலாகாது. அந்தக் கேள்விகளைக் கேட்பவர்களை ஓவியத்தின் எதிரிகளாக நினைக்கும் போக்கு எங்கள் தொழிலில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீடுகளைத் திட்டமிட்ட நாளிலேயே அந்த மக்களில் ஒருவரும் ஓர் ஓவியரும் மேஜையில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்றுதான் நான் யோசிக்கிறேன்.

பெரிய கலைஞர்களுக்கும் இது பொருந்தும். ரிச்சர்ட் செர்ரா 1981-ல் நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில் 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் ஒரு வளைந்த எஃகுச் சுவரை நிறுத்தினார். பெயர் 'டில்டட் ஆர்க்'. அங்குள்ள அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் சதுக்கத்தை நேராகக் கடந்து போகமுடியாமல் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அப்படிச் சுற்றவைப்பதுதான் கலைஞரின் எண்ணமும். நடக்கும்போது அந்த இடத்தை உடலால் உணர வேண்டும் என்றார். 1985-ல் பொது விசாரணை நடந்தது. 122 பேர் அது இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். ஆனாலும் விசாரணைக் குழு எடுக்கவே பரிந்துரைத்தது. 1989 மார்ச் மாதம் ஓர் இரவில் அதை வெட்டி எடுத்துப் போனார்கள். அந்த இடத்துக்காகவே செய்ததை அங்கிருந்து அகற்றுவது அதை அழிப்பதே என்ற செர்ராவின் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த விசாரணை நான்கு வருடம் தாமதமாக வந்தது. எஃகு வளைக்கப்படும் முன் அந்த 180 பேரும் அவரோடு சதுக்கத்தில் நடந்திருந்தால் அவரது கலை சிறுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கேட்காமல் வைத்ததெல்லாம் தோற்கும் என்றும் சொல்லமாட்டேன். மெரினாவில் 1959-ல் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்கு எந்தக் கருத்துக்கேட்பும் தேவைப்படவில்லை. பாறையை நெம்பும் அந்த நான்கு உடல்களை உழைக்கிறவர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மே தினத்திலும் தொழிற்சங்கங்கள் வருகின்றன. அது ஒரு பெரும் கலைஞரின் பார்வைக்குக் கிடைத்த பரிசு. அதை நம்பி ஒரு மாநகரம் முழுவதையும் திட்டமிட முடியாது.

நம் நாட்டில் கலைஞருக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. அமர்நாத் சேகல் 1957-ல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காக ஏற்றுக்கொண்டு செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் புதுப்பிப்பு வேலையின்போது பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி கலைஞரின் தார்மீக உரிமையை ஏற்று, மிஞ்சியதை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்த தீர்ப்பு. ஆனால் ஒரு குடியிருப்புச் சுவரில் வரையும்போது, அங்கே வாழ்கிறவருக்கும் ஓர் உரிமை இருக்கிறது. அதனால் என் ஒப்பந்தங்களில் ஒரு பத்தி சேர்க்கிறேன்: ஏழடிக்குக் கீழே உள்ள எதையும் குடியிருப்போர் தங்கள் தேவைக்கேற்ப மாற்றலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேலே மாற்ற வேண்டுமென்றால் வரைந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவர் தடுக்க முடியாது. இரண்டாவது வரிக்காகச் சக ஓவியர்கள் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. எஸ்டிமேட்டில் பெயின்டிங் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று இருக்கும். அளந்து, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றி, பில் பாஸ் செய்வார்கள். பேனர் துணியில் புளியங்கொட்டை வைத்த அந்த வாரங்களை எந்த டேப்பால் அளப்பது? எம்-புக்கில் அதற்கு ஐட்டமே இல்லை. ஐட்டம் இல்லாத வேலைக்குக் காசு கிடையாது, காசு கிடையாததால் யாரும் செய்வதில்லை. மக்கள் பங்கேற்பு நடக்காததற்கு மனமின்மையைவிட இந்தப் புத்தகம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஒரு நல்ல உதவிப் பொறியாளர் வழி சொன்னார்: 'மாதிரி அமைப்பு' என்று ஐட்டம் போடுங்கள். பொறியாளர்களுக்குப் புரியும் சொல். கயிறும் சாக்பீஸும் சவுக்குக் கம்பும் வைத்துத் திண்ணையையும் பந்தல்காலையும் முழு அளவில் போட்டுக் காட்டி, மக்கள் பயன்படுத்திப் பார்த்து, மாற்றி, பிறகு வரைவது. அதற்குள் எங்கள் நாட்களும் அடங்கின, துணியோடு உட்கார்ந்த பெண்களுக்கான கூலியும் அடங்கியது.

அந்தக் கூலியில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். லாஸ் ஏஞ்சலீஸில் ஜூடி பாக்கா 1976-ல் ஒரு வெள்ள வடிகாலின் கான்கிரீட் சுவரில் கலிபோர்னியாவின் வரலாற்றை வரையத் தொடங்கினார். 2,754 அடி நீளம், 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள், அவர்களில் பலர் போலீஸ், கோர்ட் என்று அலைந்தவர்கள். வெவ்வேறு இனத்துப் பிள்ளைகளை ஒரே சுவரில் சேர்த்து நிறுத்தினார், வரைந்ததற்குச் சம்பளம் கொடுத்தார். ஓவியருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவரை மட்டும் சேவையாக வரச்சொல்வது நியாயமில்லை. வீட்டுவேலைக்கு ஒருநாள் போகாவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் பிடிப்பார்கள்.

இனி சுவர். புதுப்பூச்சுக்கு 28 நாளாவது தண்ணீரும் காற்றும் காட்டாமல் பெயின்ட் தொடக் கூடாது. திறப்பு விழா தேதி இதை எப்போதும் மீறச் சொல்லும், மீறினால் உப்புப் பூத்து வண்ணம் தோல் தோலாக உரியும். ஓதம் ஏறும் சுவரில் கீழ் மூன்றடிக்கு எந்தப் படமும் நிற்காது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பொங்கலிலிருந்து சித்திரை வரைதான் எங்கள் காலம். மேற்கு பார்த்த சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், காவியும் மண்நிறங்களும் கடைசிவரை நிற்கும். தரையில் வரைவதென்றால் வழுக்காமல் இருக்க வண்ணத்தில் மெல்லிய மணல் கலக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மழையில் யாராவது குடத்தோடு விழுவார்கள்.

பராமரிப்பு யாருடையது என்பதற்குப் பெரும்பாலான திட்டங்களில் பதில் இருக்காது. அந்தத் திடலில் பதிலைக் கோலம் போட்ட பெண்களே வைத்திருந்தார்கள். வாசல் கோலம் மறுநாள் இருக்காது என்று தெரிந்துதான் தினமும் போடுகிறார்கள். அழிவது அவர்களுக்கு அதிர்ச்சியல்ல, மறுபடி போடுவது சுமையுமல்ல. அதனால் தரைக்கோலத்துக்கு மூன்றே வண்ணங்கள் வைத்தோம், எல்லாம் பக்கத்துப் பெயின்ட் கடையில் கிடைப்பவை. பெரும்புள்ளிகள் இரும்பு மூடிகளாகவே இருப்பதால் அளவு தப்பாது. வண்ணம் வாங்கும் காசு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கில் தனியாக இருக்கிறது. மார்கழிக் கடைசியில் பழையதைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள், ஒவ்வொரு வருடமும் வளைவுகள் கொஞ்சம் மாறுகின்றன. நான் வரைந்த சுவர்ப்படத்தைவிட அந்தத் தரை நல்ல நிலையில் இருக்கிறது.

சுவர்ப்படம் மேற்கு வெயிலில் வெளிறிவிட்டது. அன்று கருப்பு வட்டம் போட்ட பெண் இப்போது கல்லூரி முடித்துவிட்டாள். சென்ற மாதம் அவளும் இன்னும் சிலரும் போன் செய்தார்கள்: அந்தப் படத்தை எடுத்துவிட்டு, தாங்களே வேறு ஒன்று வரைய வேண்டும், ஒப்பந்தத்தின்படி ஒரு வார்த்தை சொல்கிறோம் என்றார்கள். என்ன வரையப் போகிறார்கள் என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை, முதலில் துணியை விரித்து எல்லோரையும் கேட்க வேண்டும் என்றாள். சாரத்துக்கு யாரைப் பிடிப்பது, எந்த பிரைமர் வாங்குவது என்று எழுதி அனுப்பினேன். பழைய வண்ணத்தை நன்றாகச் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காயவிட்ட பிறகே பிரைமர் போட வேண்டும், ஐப்பசிக்குள் தொடங்க வேண்டாம், தை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.